தொண்ணூத்தி நாலுல நின்னுபோன லைன்

நெட் லைன் பார்க்குற எங்க தொழில்ல, எல்லாம் ஒழுங்கா ஓடுற வீட்டுல எங்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது; திரையில வட்டம் சுத்த ஆரம்பிச்சிருச்சுன்னா மட்டும் எங்க போன் நம்பர் வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்.

பாதிப் படத்துல அந்த வட்டத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சக பாவப்பட்டவங்களே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு உங்க வீட்டு வட்டம் ஒண்ணுதான். எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வீட்டு வட்டம். புதுக்கோட்டையில ஒரு சின்ன கம்பெனியில பதினாலு வருஷமா இந்த வேலை. படிச்சது ஐ.டி.ஐ. ஆனா தோள்ல பையை மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னா, "வாங்க இன்ஜினியர் தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் இதுவரைக்கும் திருத்துனது இல்லை. போன ஆயுத பூஜை முடிஞ்ச மறு வாரம் அந்தப் பட்டத்துக்கு வந்த சோதனையைத்தான் இங்க சொல்லப் போறேன்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை

திங்கக்கிழமை காலையில திருக்கோகர்ணத்துல இருந்து அமலா அக்கா கூப்பிட்டாங்க. திருச்சியில ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை. பதினோரு வருஷமா தினமும் பஸ்ல போயிட்டு பஸ்ல வாராங்க. அந்தக் குலுக்கல்ல முதுகெலும்புல டிஸ்க் விலகி, "இனிமே பஸ் பயணம் கூடாது"ன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. நல்லவேளையா சென்டர்காரங்க ஒரு வழி சொன்னாங்க. ஸ்கேன் படங்களைச் சரிபார்த்து டாக்டர்களுக்கு அனுப்புற வேலையை வீட்டுல இருந்தே பார்க்கலாம். படம் ஒவ்வொண்ணும் மலை மாதிரி கனமா இருக்கும்ங்கிறதால ஒரே ஒரு நிபந்தனை: வீட்டுல வயர் வழியா வர்ற நெட் வேகம் இருநூறு எம்.பி.க்குக் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவங்களே அங்கிருந்து சோதிச்சுப் பார்ப்பாங்க. தேறலைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும். பஸ்லயும் போக முடியாது, வீட்டுலயும் வேலை இல்லைன்னா அக்காவுக்கு மொத்தமா வேலை இல்லை.

அதுக்காக முந்நூறு பிளானுக்கு மாத்தியிருந்தாங்க. கீழ ஹால்ல மோடம், மாடி ரூம்ல கம்ப்யூட்டர். மோடத்துல என் லேப்டாப்பை நேரா சொருகிப் பார்த்தேன்: இருநூத்தித் தொண்ணூறு. மாடியில அக்கா கம்ப்யூட்டர்ல பார்த்தேன்: தொண்ணூத்தி நாலு. அவ்வளவுதான், எனக்கு நிம்மதி. எங்க கம்பெனி லைன் வாசல் வரைக்கும் நல்லா வருது, அதுக்கு மேல வீட்டுக்காரங்க பாடு. இது எங்க தொழில்ல எல்லாரும் சொல்ற மந்திரம். "கம்ப்யூட்டர் பழசுக்கா, நூறுக்கு மேல இழுக்காது. புதுசு மாத்துங்க"ன்னு சொல்லிட்டு, பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். அக்கா சண்டை போடலை. ஒரு பழைய ஸ்கேன் கவரை எடுத்துத் திருப்பிக் காட்டினாங்க. ரெண்டு நாளா மணி வாரியா வேகத்தை எழுதி வச்சிருந்தாங்க. எல்லா மணிக்கு நேராவும் ஒரே நம்பர். எனக்கு அது பெருசாத் தோணலை. அவங்களுக்குத் தோணியிருக்கு.

"தம்பி, காய்ச்சல்னா ஏறும், இறங்கும். இது ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்குது. இது சீக்கு இல்ல, யாரோ கட்டிப் போட்டிருக்காங்க."

வெட்டாத வயரு

செவ்வாய்க்கிழமை திருமயம் பக்கம் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. வீட்டுக்காரங்க எல்லாம் சென்னையில தொழில் பார்க்குறாங்க. மகன் கல்யாணத்துக்காகக் குடும்பமா வந்து இறங்கியிருந்தாங்க. முன்கட்டுல மோடம், பின்கட்டு ரூம்ல வீட்டுக்காரரு கம்ப்யூட்டரு. வேகம் முக்கித் தக்கி வருது, அப்புறம் அறுந்து போகுது. கல்யாண வேலையோட அவரு ஆபீஸ் வேலையும் பார்க்கணுமாம். முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது.

வருஷம் முழுக்க அந்த வீட்டைப் பார்த்துக்கிறவரு சேகர் அண்ணன். வயர் எந்த வழியா போகுதுன்னு கேட்டேன். மனுஷன் அண்ணாந்துகூடப் பார்க்கலை. "மோடத்துல இருந்து நாலாவது தூண்ல ஏறும். ரெண்டாங்கட்டு நிலைக்கு மேல வலது பக்கம் திரும்பும். சாமான் ரூம் பரண்ல இறங்கும். மொத்தம் என் நடைக்கு எண்பத்திரெண்டு எட்டு"ன்னு கடகடன்னு ஒப்பிச்சாரு. எண்பத்திரெண்டு எட்டுன்னா அறுபது மீட்டர் சொச்சம். இந்த வயருக்கு நூறு மீட்டர் வரைக்கும் தெம்பு உண்டு. அப்புறம் எதுக்கு மூச்சு வாங்குது? பரண்ல ஏறிப் பார்த்தா, அடேயப்பா! பித்தளை அண்டாவுக்குள்ள இன்னொரு எழுபது மீட்டர் வயரு சுருட்டி, பத்திரமா மூடி வச்சிருக்கு. அந்தச் சுருள் வழியாத்தான் நெட்டு சுத்திச் சுத்திப் போயி கம்ப்யூட்டருக்கு இறங்குது. லைன் போட வந்தவனை வெட்டவே விடலையாம் அண்ணன். தேவையானதை மட்டும் விட்டு வெட்டி, புது முனை போட்டேன். நிமிஷத்துல வேகம் பிச்சுக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்காரரு முகமும் தெளிஞ்சிருச்சு. எனக்கு வேகத்தை விட, கண்ணை மூடிக்கிட்டு அத்தனை பெரிய வீட்டை ஒப்பிச்ச அந்த மனுஷன் மேலதான் ஆச்சரியம். "ஏண்ணே அன்னைக்கு வெட்ட விடலை?"ன்னு கேட்டேன். என் பையை ஒரு பார்வை பார்த்தாரு.

"வெட்டினா மிச்சத்தை நீங்க எடுத்துக்கிட்டுப் போயிருவீங்கல்ல?"

போன்ல ஒரு வைத்தியம்

திருமயத்துல இருந்து திரும்புற வழியில டீக்கடையில நின்னு, பெரிய கண்டுபிடிப்பு பண்ணிட்ட மிதப்புல அமலா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, வயர் நீளம் அதிகமா இருக்கும் போலருக்கு. எங்கயாவது சுருட்டி வச்சிருக்கான்னு பாருங்க"ன்னேன். அக்கா ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. அந்த மரியாதையிலதான் எனக்குக் காது சூடாச்சு.

"சுருளெல்லாம் இல்ல தம்பி. நேத்தே டேப்பு வச்சு அளந்துட்டேன், பதினெட்டு மீட்டர்தான். நீங்க சொன்னீங்கன்னு பக்கத்து வீட்டுப் புது லேப்டாப்பையும் வாங்கிச் சொருகிப் பார்த்தேன். அதுலயும் தொண்ணூத்தி நாலு. இன்னும் மூணு நாள் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க."

வாசல்தோறும் ஒரு பொட்டு

புதன்கிழமை ஆவுடையார்கோவில். பரிமளா டீச்சர் வீடு. அவங்களும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "எப்பத்துல இருந்துங்க ஸ்லோ?"ன்னு கேட்டா ஊர்ல எல்லாரும் "ரொம்ப நாளா"ன்னுதான் சொல்லுவாங்க. டீச்சர், "ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில எட்டரை மணியில இருந்து"ன்னாங்க. இப்படிச் சொல்றவங்களைக் கண்டா எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணும். பாதி வேலையை அவங்களே முடிச்சுக் குடுத்துடுறாங்க.

மோடத்தைத் திருப்பிப் பார்த்தேன். டீச்சர் அதைத் துடைச்சு, வயரையெல்லாம் கழட்டி, பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அது மேல குங்குமம்னு மனசார வச்சிருக்காங்க. பூஜை முடிஞ்சு அதுலயே திரும்ப வயரைச் சொருகியாச்சு. உள்ள எட்டு கம்பி இருக்கு. எட்டும் எட்டைத் தொட்டாத்தான் முழு வேகம். ஒண்ணு ரெண்டு தொடலைன்னா நூறுக்குள்ள அடங்கிரும். சந்தனம் காய்ஞ்சு, ரெண்டு கம்பிக்கு நடுவுல சுவர் மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. டீச்சர் கம்ப்யூட்டர்ல வேகம் பார்த்தேன். தொண்ணூத்தி நாலு! எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. இது அமலா அக்கா நம்பராச்சே! பல் துலக்குற பிரஷ்ஷை வாங்கி, ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் பண்ணினேன். இருநூத்தி எண்பது தாண்டிருச்சு. "டீச்சர், அடுத்த வருஷம் பொட்டை மேல மூடியில மட்டும் வைங்க"ன்னு பணிவாத்தான் சொன்னேன். டீச்சருக்குக் கோபம் வந்திருச்சு.

"சாமிக்கு வச்ச சந்தனத்தைக் குறை சொல்லாதீங்க தம்பி. பொட்டு வைக்க இடம் விடாம, சுத்தி ஓட்டை ஓட்டையா மெஷின் செஞ்சு அனுப்புறானே, அவனைப் போயிச் சொல்லுங்க."

ஆபீஸ்ல ஜாபர்

இதை ஆபீஸ்ல வந்து கை கால் ஆட்டி நடிச்சுக் காட்டினேன். எங்க ஆபீஸ்ல புகார் எழுதுற ஜாபர், என்னோட பத்து வருஷக் கூட்டாளி. எல்லாத்தையும் கேட்டுட்டு, சிரிக்காம எந்திரிச்சுப் போயி எங்க ஆபீஸ் மோடத்தைத் தூக்கிட்டு வந்து மேசையில வச்சான். பின்னாடி வரிசையா ஆறு சந்தனப் பொட்டு.

"ஒரு வாரமா ஆபீஸ் நெட்டு ஏன் நொண்டுதுன்னு நானும் பார்க்குறேன். வச்ச கை யாரு கைண்ணே?"

எட்டுல நாலு

வியாழக்கிழமை மத்தியானம் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமா திருக்கோகர்ணம் போயி இறங்கினேன். அமலா அக்கா நாற்காலியில முதுகுக்கு ரெண்டு தலையணை அண்டக் குடுத்து உட்கார்ந்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு ஆரோக்கியம் அண்ணன், ஆட்டோவை நிறுத்திட்டுப் பக்கத்துல நின்னாரு. "மோடத்துக்குப் பொட்டு வச்சீங்களா?"ன்னு கேட்டேன். "நாங்க மாதா படத்துக்குப் பூ வைக்கிறதோட சரி தம்பி"ன்னு சிரிச்சாங்க. அப்புறம், "இங்கிட்டு வாங்க, ஒண்ணு காட்டுறேன்"னு கூப்பிட்டாங்க.

மாடி ரூம்ல சுவத்தோரமா வர்ற வயர்ல இருந்து ரெண்டு முனை. ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு டி.வி. பெட்டிக்கு. ரெண்டையும் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க, எக்ஸ்ரே பார்க்குற மாதிரியே. வயர் முனையில இருக்கிற பிளக் கண்ணாடி மாதிரி இருக்கும்ல, உள்ள இருக்கிற கம்பி நிறம் தெரியும். "கம்ப்யூட்டர் முனையில ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நாலுதான் இருக்கு. டி.வி. முனையில நீல ஜோடி, பழுப்பு ஜோடி. அதுவும் நாலு. இடம் எட்டு இருக்கு தம்பி. ஒரே வயரைப் பொளந்து ரெண்டுக்கும் பங்கு வச்சிருக்காங்க. அதான் ரெண்டும் பாதி உசுரா ஓடுது"ன்னாங்க. கீழ மோடம் பக்கம் போயி, சுவத்துல வயர் வெளிய வர்ற இடத்து மூடியைக் கழட்டினேன். அங்கயும் அதே மாதிரி பிரிச்சு, கருப்பு டேப் சுத்தி, வெளியில பார்த்தா ரெண்டு வயர் மாதிரி அவ்வளவு நேர்த்தியா முடிச்சிருந்துச்சு.

அந்த டேப்பு சுத்தின விதத்தைக் குனிஞ்சு இன்னொரு தடவை பார்த்தேன். முனையில ரெண்டு சுத்து தலைகீழாச் சுத்தி முடியுறது எங்க ஜில்லாவுலயே ஒரே ஒருத்தன் பழக்கம். அது நான்தான். ஆன்லைன் வகுப்பு நடந்த காலத்துல இந்த வீட்டுக்கு வந்து, சுவத்துக் குழாய்ல ரெண்டாவது வயர் நுழையலைன்னு, இருக்கிற ஒண்ணையே பிரிச்சு ரெண்டு லைன் ஆக்கினவன். அப்ப பிளான் நாப்பதுதான், அதனால யாருக்கும் தெரியலை. அந்தக் காலத்துல நாங்க இதைப் பெரிய சாமர்த்தியம்னு நினைச்சுப் பல வீட்டுல செஞ்சோம், அதுல இந்த வீடு எனக்கு மறந்தே போச்சு. வாயைத் திறக்காம டேப்பைப் பிரிச்சு, எட்டு கம்பியையும் ஒண்ணாச் சேர்த்துப் புது முனை போட்டேன். மறுபடியும் தொண்ணூத்தி நாலு! பழுப்புக் கம்பி குழாய்க்குள்ள எங்கயோ ஒடிஞ்சிருக்கு. அன்னைக்கு நான் இழுத்த இழுப்புல பாதி ஒடிஞ்சது, இப்பப் பிரிக்கும்போது முழுசா அறுந்திருக்கும். இருட்டப் போகுது, கையில புது வயரும் இல்லை. மறுநாள் பதினோரு மணிக்கு அக்காவுக்குச் சோதனை. என் முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்திருக்கும் போல. ஆரோக்கியம் அண்ணன் என் தோளைத் தட்டினாரு.

"விடுங்க தம்பி, இவ பதினோரு வருஷத்துல ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்ல. இதையும் பிடிச்சிருவா."

பச்சைப் புட்டி

வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல மத்த புகாரையெல்லாம் ஜாபர் தலையில கட்டிட்டு, எட்டரை மணிக்கே புது வயரோட போயிட்டேன். வழி ஒண்ணுதான். பழைய வயரோட மேல் முனையில புதுசைக் கட்டி, கீழ இருந்து பழசை இழுக்கணும். பழசு வெளிய வர வர, புதுசு உள்ள போகும். மாடியில ஆரோக்கியம் அண்ணன் விடுறாரு, கீழ நான் இழுக்குறேன். பாதிதான் வந்துச்சு. குழாய் வளைவுல சிக்கி இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மணி ஒன்பதரை. பத்து. இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்து போச்சு. ரொம்ப இழுத்தா கட்டு அறுந்து, ரெண்டு வயரும் உள்ளயே தங்கிரும். அப்புறம் சுவரைத்தான் உடைக்கணும். எனக்கு அழுகையே வந்திருச்சுங்க, பொய் சொல்லலை. அந்தக்கா முதுகை வளைக்க முடியாம படியில மெதுவா ஏறி இறங்குறதைப் பார்க்கப் பார்க்க, நாலு கம்பி மிச்சம் பிடிச்ச என் கையை நானே வெட்டிக்கலாமான்னு இருந்துச்சு.

பத்தே காலுக்கு அக்கா உள்ள போயி ஒரு பச்சைப் புட்டியைக் கொண்டாந்தாங்க. முதுகு வலிக்கு வச்சிருக்கிற மெஷினை உடம்புல ஒட்டுறதுக்கு முன்னாடி தடவுற ஜெல். ஸ்கேன் எடுக்கும்போது வயித்துல தடவுவாங்களே, அதேதான். "எண்ணெய் ஊத்தினா வயர் தோலு கெட்டுப் போகும். இது வெறும் தண்ணிப் பசை, காய்ஞ்சிரும். வழவழன்னு ஆனா வளைவுல திரும்பிரும்ல?"ன்னு கேட்டுட்டு, எங்க பதிலுக்குக் காத்திருக்காம மாடிக்குப் போயி, வயர் மேல கை நிறையத் தடவி, குழாய்க்குள்ளயும் பீய்ச்சி விட்டாங்க. "இப்ப இழுங்க"ன்னு மேல இருந்து குரல். ஒரு இழு. ரெண்டு. மூணாவது இழுப்புல பழைய வயரு சர்ருனு உருவிக்கிட்டு என் மடியில வந்து விழுந்துச்சு, பின்னாலேயே புதுசு எட்டிப் பார்த்துச்சு. பதினாலு வருஷத்துல எனக்குத் தோணாதது! இப்ப என் பையில அந்த ஜெல் புட்டி ஒண்ணு எப்பவும் இருக்கு.

எட்டு கம்பியும் எட்டு இடத்துல வச்சு ரெண்டு பக்கமும் முனை போட்டு முடிக்கும்போது பத்து ஐம்பது. டி.வி.யை வைஃபைக்கு மாத்திட்டேன். சரியா பதினோரு மணிக்குத் திருச்சியில இருந்து ஒரு பொண்ணு திரையில வந்துச்சு. அக்கா கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கி வேகத்தை ஓட விட்டுச்சு. முள்ளு தொண்ணூத்தி நாலைத் தொட்டுச்சு. நான் மூச்சு விடலை. அப்புறம் அதைத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்து இருநூத்தி எண்பத்தாறுல நின்னுச்சு.

"சூப்பர் மேடம். திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு லாகின் பண்ணிருங்க. பஸ் பாஸை இனிமே தூக்கிப் போட்டுறலாம்."

டீ குடிக்கும்போது

கூப்பிட்டு உட்கார வச்சு டீ குடுத்தாங்க அக்கா. எனக்கு உள்ள இறங்கலை. இதைச் சொல்லாம இந்த வீட்டுப் படியை இறங்கினா நான் மனுஷனே இல்லைன்னு தோணிருச்சு. டம்ளரைக் கீழ வச்சுட்டு, "அக்கா, அந்த வயரைப் பிரிச்சு ரெண்டாக்கினது வேற யாரும் இல்லை. நான்தான். திங்கக்கிழமை உங்க கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்டுட்டுப் போனதும் நான்தான். மன்னிச்சிருங்க"ன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது தலை நிமிரலை. ஆரோக்கியம் அண்ணன் அக்காவைப் பார்த்தாரு. அக்கா கொஞ்சம்கூட அதிரலை. எந்திரிச்சுப் போயி, நான் கழட்டிப் போட்ட பழைய வயர்த் துண்டை எடுத்து, கையில சுருட்டிக்கிட்டே பேசினாங்க.

"தெரியும் தம்பி. வயரைப் பிரிச்ச அன்னைக்கு உங்களுக்கு இதே டம்ளர்லதான் டீ குடுத்தேன். நீங்க அப்படிப் பிரிச்சுக் குடுத்த நாலு கம்பியில உட்கார்ந்துதான் எம்பொண்ணு பன்னெண்டாவது படிச்சா. இன்னைக்கு மதுரையில நர்ஸா இருக்கா. அன்னைக்கு அது போதும்னு குடுத்தீங்க, இன்னைக்குப் பத்தலைன்னதும் வந்து கை செவக்க இழுத்தீங்க. இதுல மன்னிக்க என்ன இருக்கு? டீ ஆறுது, குடிங்க."

பதினாலு வருஷமா ஜில்லா முழுக்கக் கோளாறு தேடி அலைஞ்சவன் நான், அதுல பாதியை என் கையாலேயே வச்சுட்டு வந்திருக்கேன். அதை நம்பரை வச்சும் நடையை வச்சும் ஜெல் புட்டியை வச்சும் கண்டுபிடிச்சுக் குடுத்த ஜனங்கதான், பாருங்க, இன்னைக்கும் என்னைப் பார்த்தா "வாங்க இன்ஜினியர் தம்பி"ன்னு கூப்பிடுறாங்க.